வரவேற்கும் கை

படுக்கையறைக் கதவின் கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. காலை ஆறே முக்கால் மணிக்கு, ஒரு கண் இன்னும் தூங்கிக்கொண்டிருக்க மறு கண்ணை நம்பிக் குளியலறைக்குக் கிளம்பிய மனிதருக்கு அது உடனே உறைக்கவும் இல்லை. இரண்டடி நடந்த பிறகுதான் நின்றார். பித்தளை காலையில் சில்லென்று இருக்கும். இருபத்தாறு வருடமாகப் பித்தளையோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு அது தெரியும். இது சில்லென்று இல்லை. பேருந்தில் யாரோ வெகுநேரம் பிடித்துக்கொண்டு வந்து, இறங்கும் இடம் வந்ததும் விட்டுப்போன கம்பியைப் போல, மனிதச் சூட்டில் இருந்தது.

திரும்பிப் பார்த்தார். மனைவி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. வயசாகிறது மாஸ்டர், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்ப் பல் தேய்த்தார். குளியலறைக் கைப்பிடியும் அதே சூட்டில் இருந்ததை, கவனிக்காதது போலவே நடந்துகொண்டார். கவனிக்காதது போல நடந்துகொள்வதில் அவருக்குப் பதினாறு மாதப் பயிற்சி இருந்தது.

தொழிற்சாலையில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அந்த மரியாதை கிடையாது. வேலை, மாதிரி செய்வது. மேசை இழுப்பறைக்குப் பூப்போட்ட குமிழ், கண்ணாடிக்குக் கொடி சுற்றிய சட்டம், திரைச்சீலைக் கம்பியின் முனைக்கு மொட்டு என்று, வீட்டில் இல்லாவிட்டாலும் யாரும் செத்துப்போகாத, ஆனால் இருந்தால் வீடு கொஞ்சம் சிரிக்கிற சாமான்கள். முதல் ஒன்றை அவர் கையால் செய்வார். மீதி லட்சத்தை இயந்திரம் செய்யும். பாராட்டு முதலாளிக்குப் போகும். குறை மட்டும் விலாசம் தவறாமல் அவரிடம் வந்து சேரும்.

ஒரே ஒருமுறைதான் பாராட்டும் அவருக்கு வந்தது. 'வரவேற்கும் கை' என்று விளம்பரத்தில் பெயர் வைத்திருந்தார்கள். கதவில் பதித்த வட்டத்தகட்டிலிருந்து ஒரு பித்தளைக் கை நீண்டிருக்கும். உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். விரல்கள் லேசாக மடங்கியிருக்கும். அதில் உங்கள் கையை வைத்து அழுத்தினால் கதவு திறக்கும். கதவுக்கு அந்தப் பக்கமும் இதே கை, இந்தப் பக்கமும் இதே கை. எல்லாம் வலது கை. இடது கைக்குத் தனி அச்சுப் போட கம்பெனிக்கு மனசு வரவில்லை. நகத்தின் பிறை, விரல் மடிப்பின் கோடுகள், மணிக்கட்டில் ஓடும் மெல்லிய நரம்பு வரை அப்படியே. பதினாலு மாதத்தில் நாற்பதாயிரம் விற்றுவிட்டது. இந்த அடுக்குமாடியைக் கட்டியவர், ஐந்து கட்டடங்களுக்கும் மொத்தமாக அதையே வாங்கி மாட்டிவிட்டார். மாஸ்டர் குடிவந்து ஐந்து வாரம். ஒன்பதாவது மாடி. எட்டுக் கதவுகள், பதினாறு கைகள்.

"உங்க கை வேலைன்னு எதிர்வீட்டுல சொன்னேன். அவங்க நம்பவே இல்லை" என்றாள் மனைவி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுக்கு. ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வருவாள்.

"அவங்க தப்பு இல்ல. என் மூஞ்சியப் பார்த்தா மண்வெட்டிப் பிடிகூட செய்வேன்னு தோணாது."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குத்தான விசாரணை?"

"ஆமா."

"நீங்க ஏற்கெனவே எழுதிக் குடுத்ததைத்தான் சொல்லப் போறீங்க. அதுக்கு எதுக்கு ராத்திரி முழுக்கப் புரண்டுக்கிட்டே இருந்தீங்க?" பையில் குடையைத் திணித்தாள். "அந்தப் பொண்ணு பாவம்தாங்க. எனக்கும் மனசு கேக்கலை. ஆனா ஆள் இல்லாத நேரத்துல விளையாட்டா வாளியில கையை விட்டா, அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?"

மாஸ்டர் காலுறையைத் தேடுவதற்காகக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். காலுறை காலில்தான் இருந்தது.

"கிளம்புறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் தொட்டுப் பாரேன்" என்றார் அடியிலிருந்து. "கைப்பிடி. சூடா இருக்கா?"

தொட்டுப் பார்த்தாள். "சில்லுனு இருக்கு. காய்ச்சல் உங்களுக்குத்தான் போல. மாத்திரை போட்டுட்டுப் போங்க."

வாசல் கதவு சாத்திக்கொண்டது. மின்தூக்கி முனகியபடி அவளை இறக்கிக்கொண்டு போன சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒன்பது மாடிக்குக் கீழே எங்கோ அடங்கியது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உடம்பை உலுக்கிவிட்டு ஓய்ந்தது. சுவருக்குள் எங்கோ தண்ணீர் இறங்கும் சத்தம், புதுப் பெயின்ட் வாசனை, பால்கனிக் கண்ணாடி வழியாகத் தரையில் நீளமாகக் கிடந்த ஒன்பதுமணி வெயில். பயப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத வீடு கிடைக்காது. அந்த வெளிச்சத்தில், சுற்றிலும் கதவுக்குக் கதவு, ஏந்தியபடி கைகள்.

அப்போதுதான் அந்த வாசனை எட்டியது. ஈரமான பிளாஸ்டர் மாவு இறுகும்போது வருகிற, புதிதாய்ப் பூசிய சுவர் மாதிரியான வாசனை. அதற்கடியில், மிக மெல்லியதாக, முடி பொசுங்குகிற நெடி.

கட்டடம் புதுசு, எங்கேயாவது பூச்சுவேலை நடக்கும் என்று முடிவுசெய்துகொண்டு சமையலறைக் கதவுக்குப் போனார். தொட்டார். சூடு காலையில் இருந்ததைவிட ஒரு படி ஏறியிருந்தது. இன்னொன்றும் இருந்தது. மாதிரி செய்கிறவனின் விரலுக்குக் கண்ணைவிட ஞாபகம் அதிகம். அரை மில்லிமீட்டர் தப்பென்றாலும் அது சொல்லிவிடும். இப்போது சொன்னது.

கருவிப் பெட்டியிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்துவந்தார். நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே முப்பத்தெட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வரைபடத்தில் அவர் கையெழுத்தோடு இருக்கிற அளவு. அளந்தார்.

முப்பத்தொன்று.

படுக்கையறை. முப்பத்தொன்று. குளியலறை. முப்பத்தொன்று. பால்கனிக் கதவு, வெயில் படுகிற ஒன்று, அதிலும் முப்பத்தொன்று. உலோகம் சுருங்கும், அவர் படித்திருக்கிறார். ஆனால் அளந்த நாலு கதவிலும் ஒரே நாளில், ஒரே அளவு, அதுவும் விரல் மட்டும் சுருங்க வேண்டுமென்றால் பித்தளைக்குச் சங்கம் இருக்க வேண்டும். இந்த நகைச்சுவையை அவர் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். காலி வீட்டில் அது நன்றாக இல்லை. திரும்ப வந்து சமையலறைக் கதவை மறுபடி அளந்தார்.

இருபத்தொன்பது.

நாற்காலியை இழுத்துப் போட்டு, எந்தக் கதவுக்கும் அருகில் இல்லாதபடி கூடத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் பேக்கிங் பிரிவில் இருந்தாள். தொழிற்சாலை முழுக்க அவளைத் தங்கச்சி என்றே கூப்பிடும். பளபளப்பாக்கி வருகிற சாமான்களை மெல்லிய தாளில் கீறல் விழாமல் சுற்றி, முனையை உள்ளே மடித்துச் செருகி, பெட்டியில் அடுக்குவது வேலை. மெருகேற்றும் பட்டை எந்திரத்தில் தேயாத, அமிலத்தில் வேகாத கை அங்கே அவளுடையது ஒன்றுதான். பதினாறு மாதத்துக்கு முன்பு, புதுக் கைப்பிடியைக் காட்ட வேண்டிய கண்காட்சிக்கு ஒரு நாள்தான் இருந்தது. மாஸ்டர் மரத்தில் மூன்று கைகள் செதுக்கிக் காட்டியிருந்தார். முதலாளி மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை மாதிரி இருக்குய்யா. கையா இல்லையே" என்றார்.

உயிருள்ள கையில் அச்சு எடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று ரப்பர் மாதிரி ஒரு பசை இருக்கிறது. சூடாகாது. கையிருப்பில் இல்லை, வர இரண்டு நாளாகும். பிளாஸ்டர் மாவு மூட்டை மூட்டையாக இருந்தது.

சாப்பாட்டு நேரம். மாதிரி அறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். "ஒரு இருபது நிமிஷம் உன் கையைக் கடன் குடும்மா" என்றார். "திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல அண்ணே?" என்று சிரித்தபடி சட்டைக்கையை மடித்துவிட்டாள். சீக்கிரம் இறுகட்டும் என்று வெந்நீரில் ஒரு பிடி உப்பும் போட்டு ஒரு வாளி நிறையக் கலக்கியிருந்தார். மணிக்கட்டுக்கு மேல் வரை கையை விட்டாள்.

பிளாஸ்டர் இறுகும்போது சுடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். மரத்தின் மேல் ஊற்றியிருக்கிறார், மெழுகின் மேல், களிமண்ணின் மேல். இருபத்தாறு வருடத்தில் எந்த மாதிரியும் அவரிடம் சுடுகிறது என்று சொன்னதில்லை. மெல்லிய பூச்சு என்றால் வெதுவெதுப்போடு போய்விடும். ஒரு வாளி நிறைய, வெந்நீரில், உப்போடு என்றால் அது அடுப்பு.

"அண்ணே, சூடாகுது."

"ஆகும்மா. அப்படித்தான் இறுகும்."

"ரொம்ப சூடாகுதுண்ணே."

"அசையாத. அசைஞ்சா அச்சு போயிடும். நல்லா வெந்தாத்தானே ருசியா இருக்கும்."

அவள் சிரித்தாள். அண்ணன் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா. கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருக்க, சிரித்துக்கொண்டே இன்னும் நாலு நிமிடம் பொறுத்தாள். அதற்குப் பிறகு அவள் இழுத்தபோது கை வரவில்லை.

உளியால் உடைத்தார்கள். சாமான் ஏற்றும் வண்டியில் அவளைக் கொண்டுபோனார்கள். கட்டைவிரலைத் தவிர நாலையும் எடுத்துவிட்டதாக மறுநாள் செய்தி வந்தது. அந்த மறுநாளுக்குள் மாஸ்டர் என்ன செய்தார் என்பதுதான் இதில் யாருக்கும் தெரியாத பகுதி. ஓடிப்போய் வண்டியில் ஏறாமல், தரையில் மண்டியிட்டு, உடைந்த அச்சைப் பொறுக்கினார். ஏழு துண்டு. உள்ளே ஒட்டியிருந்ததைச் சுத்தம் செய்தார். ஒட்டவைத்து, மெழுகு ஊற்றினார். விரல்கள் அழகாக மடங்கியிருந்தன. யாரையோ வா என்று கூப்பிடுவதைப் போல. முதலாளி சொக்கிப்போனார். "இதுதான்யா உயிர்" என்றார். அந்த மடிப்பு, கையை வெளியே இழுக்கப் பார்த்த மடிப்பு என்று மாஸ்டர் அவருக்குச் சொல்லவில்லை.

'நான் அப்போது சாப்பிடப் போயிருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனிப் பொருளில் விளையாடினாள் என்று அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் விடவில்லை. மனுவுக்கு மேல் மனு. இன்று ஐந்து மணிக்குக் கடைசி விசாரணை. 'நான் பக்கத்தில் இருந்தேன், நான்தான் கையை விடச் சொன்னேன்' என்று மாஸ்டர் சொன்னால் அவளுக்கு வேலையும் பேரும் திரும்பக் கிடைக்கும். அவருக்கு இரண்டும் போகும், சிறையும் கிடைக்கலாம். சொல்லாவிட்டால் எல்லாம் இப்படியே இருக்கும். இப்படியே இருக்கட்டும் என்று ராத்திரி இரண்டு மணிக்கு முடிவெடுத்திருந்தார்.

மத்தியானம் இரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, நான்தான்."

"சொல்லும்மா. நல்லா இருக்கியா?" கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது.

"இன்னைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்."

அவள், கடைவீதியில் பார்த்ததைச் சொல்கிற குரலில், நிதானமாகப் பேசினாள்.

"விரல் இல்லண்ணே. ஆனா வலிக்குது. டாக்டர் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்னாரு. சரியாகல. சூடு அப்படியே இருக்கு. அதோட, யாரோ புடிக்கிறாங்க. புடிச்சு அமுக்குறாங்க. காலைல எட்டு மணிக்கும் சாயங்காலமும் ரொம்ப. ஏன்னு புரியவே இல்ல. அப்புறம் எங்க தெரு கிளினிக்ல அந்தக் கைப்பிடிய மாட்டுனாங்க. நான் கதவைத் திறக்க இடது கையால புடிச்சேன். என் கையை நானே புடிச்சேண்ணே. ரெண்டு பக்கமும் தெரிஞ்சுது."

மாஸ்டர் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அதுக்கப்புறம் ஒவ்வொண்ணாப் பிரிஞ்சு தெரிய ஆரம்பிச்சுது. ஈரக் கை. பிசுபிசுன்னு குழந்தைங்க கை. மோதிரம் போட்ட கை, அது உறுத்தும். அஞ்சு வாரமா உங்க கையும் தெரியும். கட்டைவிரலுக்கிட்ட உளி பட்ட தழும்பு. மத்தவங்க எல்லாம் நல்லாப் புடிப்பாங்க. நீங்க மட்டும் தொட்டதும் வெடுக்குனு எடுத்துக்குவீங்க."

"தங்கச்சி, மனசு ஒரு நிலையில இல்லாதப்ப இப்படியெல்லாம்..."

"டாக்டர் ஒரு பயிற்சி சொல்லிக்குடுத்தாரு. இல்லாத விரலை மடக்கற மாதிரி நினைச்சுக்கிட்டே இருக்கணுமாம். வலி குறையுமாம்." மூச்சு விட்டாள். "இன்னைக்கு விடியக்காலத்துலேருந்து நினைச்சுக்கிட்டிருக்கேண்ணே. மடங்குது."

அவர் நிமிர்ந்தார். எதிரே படுக்கையறைக் கதவு. அளவுகோல் தேவைப்படவில்லை. இங்கிருந்தே தெரிந்தது.

"அஞ்சு மணிக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

திருப்புளியை எடுத்தார். சமையலறைக் கையுறையை மாட்டிக்கொண்டார். பயந்தாங்கொள்ளிக்கும் கைத்தொழில் தெரிந்திருந்தால் ஒரு வசதி, பயத்தைத் திருகாணி திருகாணியாகக் கழற்றிக்கொள்ளலாம். வாசல் கதவைத் தவிர மற்ற ஏழையும் கழற்றினார். பதினாலு கைகள். ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் கசக்கிச் சுருட்டிக் காய்கறிப் பையில் போட்டார். போகிற வழியில் ஆற்றில் எறிந்துவிட்டுப் போகலாம். மனைவி கேட்டால் பழுது என்று சொல்லிக்கொள்ளலாம். பொய் சொல்வது அவருக்கு இப்போது பழகின வேலை. கதவுகளில் கை இருந்த இடத்தில் வட்ட வட்டமாக ஓட்டைகள். அவற்றின் வழியே ஒவ்வோர் அறையிலிருந்தும் வெயில் ஒரு காசு அளவுக்கு வெளியே வந்து தரையில் விழுந்தது.

சட்டை மாற்றிக்கொண்டார். தலை வாரினார். நாலரை.

பின்னால் தாள் சரசரத்தது.

காற்று இல்லை. பால்கனி சாத்தியிருந்தது. சரசரப்பு நின்றது. மறுபடி வந்தது, நிதானமான, பழகின, ஒரே தாளத்திலான சரசரப்பு. எங்கே கேட்டிருக்கிறோம் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. பேக்கிங் பிரிவைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறார்.

பைக்குள் பார்த்தார். அவர் கசக்கிப் போட்ட தாள் எதிலும் கசங்கல் இல்லை. பதினாலும் நேராக, இறுக்கமாக, கீறல் விழாதபடி சுற்றப்பட்டு, முனைகள் உள்ளே மடித்துச் செருகப்பட்டிருந்தன.

வாசலுக்கு ஓடினார்.

வாசல் கதவின் கை முழுதாக மூடியிருந்தது. முஷ்டி. முழங்கையால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. திருப்புளியின் காம்பை மேலே வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்தார். காம்பு வளைந்தது. கை அசையவில்லை. திருகாணிகளைத் தேடினார். இந்தக் கதவில் மட்டும் அவை வெளியே தெரியாதபடி, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று, விரல்களுக்கு உள்ளே மறைத்துவைக்கச் சொன்னவர் அவர்தான். பாராட்டும் வாங்கினார்.

நெடி கூடியது. முடி பொசுங்குகிற நெடி. சுவர் ஓரமாகப் பை சாய்ந்தது. உள்ளிருந்து கணீரென்று ஒன்று தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. உருளவில்லை. உருண்டிருந்தால் பரவாயில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் முஷ்டி திறந்தது. மெதுவாக. ஒவ்வொரு விரலாக. விளம்பரத்தில் இருக்கிறபடியே, உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் லேசாக மடங்கி, வாருங்கள் என்பது போல.

பின்னால் தரையைப் பித்தளை சுரண்டியது. கிட்டத்தில்.

கையை வைத்துவிட்டார்.

அழுத்தினார். அது மூடிக்கொண்டது.

முதலில் இதமாகத்தான் இருந்தது. குளிர்காலத்தில் யாரோ பிரியமாகக் கையைப் பிடித்துக்கொண்டது போல. அப்புறம் சூடு. அப்புறம் கொஞ்சம் கூடுதல் சூடு. இழுத்தார். சுவரில் காலை உதைத்து இழுத்தார். வரவில்லை. இடது கையால் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். பழக்கமில்லாத கை, இரண்டு முறை தப்பாகப் போனது.

"தங்கச்சி. சொல்லிடறேன். இன்னைக்கே சொல்றேன். நான்தான் பக்கத்துல இருந்தேன், நான்தான் விடச் சொன்னேன், எல்லாத்தையும் சொல்லிடறேன். விட்டுடும்மா."

"எங்கண்ணே இருக்கீங்க?"

"வீட்ல. கதவுல. சுடுதும்மா."

பின்னணியில் யாரோ நடந்துபோகும் சத்தம், ஆலை எந்திரங்களின் தூரத்து உறுமல்.

"நான் கம்பெனி வராண்டாவுல பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்" என்றாள். குரலில் ஓர் ஆச்சரியம் இருந்தது. "கை மடியில கிடக்குது. அண்ணே, எனக்குச் சுடல. பதினாறு மாசத்துல இப்பதான் சுடல. யாரும் புடிக்கல. சில்லுனு இருக்கு." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா."

"தங்கச்சி, ஃபோனை ஆபீசர்கிட்ட குடு. இப்பவே சொல்றேன். குடும்மா."

"காலைல வரைக்கும் எனக்கு அதான் வேணும்னு இருந்துச்சு" என்றாள். "உள்ள கூப்பிடுறாங்கண்ணே. நீங்க வர மாட்டீங்கன்னு சொல்லிடறேன்."

வைத்துவிட்டாள்.

மறுபடி அழைத்தார். அணைத்துவைத்திருந்தாள்.

கத்தினார். புதுக் கட்டடம், சுவர் கனம். எதிர்வீட்டில் ஆள் இல்லை. கத்திக் கத்திக் குரல் போனது. சூடு மணிக்கட்டுக்கு ஏறியது. எலும்புக்குள் ஏறியது. பொறுக்க முடியாத இடத்தையும் தாண்டிப் போய், அங்கேயும் நிற்காமல் ஏறியது. பித்தளைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கோடு எது என்று தெரியவில்லை. தழும்பு தெரிந்தது. பித்தளையில் தெரிந்தது.

பிறகு வலி நின்றது.

அதுதான் பயமாக இருந்தது.

மின்தூக்கி முனகிக்கொண்டு மேலே வந்தது. அதன் கதவு திறந்தது. காலடி. அவளுடைய காலடி. குடையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். வெளியே எப்போது மழை பிடித்தது?

"என்னங்க? உள்ளதான் இருக்கீங்களா?"

தொடாதே என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அவள் வெளிப்பக்கத்துக் கையைப் பிடித்தாள்.

அவருக்குத் தெரிந்தது. அவருடைய உள்ளங்கையில் தெரிந்தது. ஈர விரல்கள். மழைக் குளிர். கல்யாண மோதிரத்தின் விளிம்பு, தசையில் அழுந்தி. கதவின் இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தப் பக்கத்தில் அவள் பிடித்ததை முழுதாக உணர்ந்தார்.

அவள் அழுத்தினாள். அவர் மணிக்கட்டு மடங்கியது.

கதவு திறந்தது. கூடவே அவரும். அவள் முகம் முதலில் கோபமாக இருந்தது, பிறகு குழப்பமாக, பிறகு அவள் பார்வை அவர் தோளிலிருந்து கை வழியாக இறங்கி, கை முடிகிற இடம் எது என்று தேடி, கதவுப் பலகையில் போய் நின்றது.

இன்னொரு கை பிடித்தது.

அவளுடையது இல்லை. எங்கோ. கனமான, காய்ப்புக் காய்த்த, யாரென்றே தெரியாத கை. அழுத்திவிட்டுப் போயிற்று. அடுத்து சின்னக் கை ஒன்று, பிசுபிசுவென்று, இரண்டு விரலை மட்டும் பற்றித் தொங்கியது. அடுத்து ஒன்று. ஒரே சமயத்தில் மூன்று. நகம் நீண்ட ஒன்று. எண்ணெய்க் கை. அவசரக் கை, முறுக்கி இழுத்தது.

மணி ஐந்தரை தாண்டியிருந்தது. அலுவலகங்கள் விட்டிருந்தன. நகரத்தில் எல்லோரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி வாயைத் திறந்தாள். கத்துவதற்கு முன், பிடிமானத்துக்காகக் கதவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவளோடு சேர்ந்து, அதே நொடியில், இன்னும் நூறு பேர் பிடித்தார்கள்.